ஆறு ஜாடிகளுக்கு வைத்த மிட்டாய்

காலையில் ஆய்வுக்கூடத்தைத் திறந்தபோது, ஆறு கண்ணாடி ஜாடிகளுக்கு முன்னாலும் நேசம்மாள் வைத்திருந்த கடலைமிட்டாய்களைக் காணோம். எலி தின்றிருந்தால் துணுக்கு சிதறியிருக்கும். எறும்பு இழுத்திருந்தால் வரிசை தெரியும். ஆறு காகிதங்கள் மட்டும் கிடந்தன, நக்கித் துடைத்தாற்போல ஈரமாக.

புதூர் போகிற சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது அந்த மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே சர்க்கரை நோயில் செத்துப்போன பிள்ளைகளின் கணையத்தில் ஒரு துண்டை, பெற்றவர்களிடம் கேட்டு வாங்கி, கெடாமலிருக்க ஜாடிகளில் பார்மலின் ஊற்றிப் போட்டு வைத்திருந்தார் டாக்டர் சாமித்துரை. அதை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். "திட்டுத் திட்டாத் தெரியுது பாரு, அங்கனதான் இன்சுலின் சுரக்கணும். எதுவோ சுத்தி மொய்ச்சு அரிச்சிருக்கு நேசம்மா. அது என்னன்னு கண்டுபிடிச்சிட்டா உன் மகளுக்கு ஒரு வழி பிறக்கும்" என்பார். ஜாடி கழுவுகிற நேசம்மாளுக்கு அந்த ஒரு சொல்தான் ஆதாரம். அவளுடைய ஒன்பது வயது மகள் மேரிராணிக்கும் அதே நோய்.

முந்தின நாள் கல்லறைத் திருநாள். ஊரார் எல்லோரும் மழையில் நனைந்தபடி தங்கள் சொந்தங்களின் கல்லறைகளுக்குப் பூவும் பலகாரமும் கொண்டு போனார்கள். ஜாடியில் கிடக்கிறவர்களுக்குக் கல்லறை ஏது? சாகிறவரை இனிப்பென்று ஒன்றை நாக்கில் வைக்க விடாமல் தடுத்து வளர்த்த பிள்ளைகள். நேசம்மாள் மெழுகுவத்தி ஏற்றி, ஆளுக்கொரு மிட்டாய் வைத்தாள். "தின்னுங்க மக்கா. இனிமே உங்கள யாரும் தடுக்க மாட்டாவ."

கூட்டுகிற சொர்ணத்தாய் வாசலில் நின்று சிரித்தாள். "செத்ததுகளுக்கு மிட்டாய் வைக்குதியே, உசுரோட நிக்க எனக்கு ஒண்ணு தர மனசு வரலையாக்கும்?"

இப்போது அவளைத்தான் கேட்டாள் நேசம்மாள். "நீ எடுத்தியாக்கா?"

"எனக்கு இருக்கது ரெண்டு பல்லு. கடலைமிட்டாயக் கடிச்சா அதுவும் கையோட வந்துரும். உம்மவளக் கேளு."

நேசம்மாள் மகளிடம் ஓடினாள். மகளின் சிறுநீரில் எட்டுச் சொட்டு எடுத்து, நீல மருந்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினாள். நேற்றுக் காலை பச்சையோடு நின்றது. இன்று மஞ்சளைத் தாண்டிச் செங்கல் நிறமானது; அவ்வளவு சர்க்கரை.

"தின்னியாட்டி?"

"மாதா சத்தியமா நான் திங்கலம்மா." பிள்ளை அழுதது. "ஆனா வாயெல்லாம் இனிக்குதும்மா."

மழை மூன்று நாளாக விடவில்லை. மதுரைக்கு இன்சுலின் வாங்கப் போன டாக்டர் கோவில்பட்டி ஸ்டேஷன்வரை வந்துவிட்டாராம். ஓடையில் வெள்ளம், கரிசல் மண் வண்டிச் சக்கரத்தை அச்சுவரை விழுங்குகிறதாம். ஈர மணல் பானையில் புதைத்து வைத்திருந்த குப்பியில் இரண்டு ஊசிக்குத்தான் மருந்து இருந்தது.

மகள்மேல் பழி இல்லை என்று தனக்கே தெரிய வேண்டும். ஜாடிகளுக்கு முன்னால் மறுபடி ஆறு மிட்டாய் வைத்தாள். அறையைப் பூட்டிச் சாவியை முந்தியில் முடிந்துகொண்டாள். பிற்பகல்வரை மகளை மடியை விட்டு இறக்கவில்லை.

திறந்தாள். பார்மலின் நெடி இல்லை. அதற்குப் பதிலாகக் கருப்பட்டிப் பாகு வாசம், குழந்தையின் எச்சில் வாசத்தோடு. மிட்டாய் ஒன்றும் இல்லை. காய்ந்த சுக்குபோலச் சுருங்கிக் கிடந்த துண்டுகள் ஆறும் ஊறிப் பருத்து, அத்திப்பழம்போலச் சிவந்து, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் நின்ற பக்கமாக.

மறுபடி மகளின் சிறுநீரைக் காய்ச்சினாள்; சோதனைக் குழாயில் கொதித்தது ரத்தமாகவே தெரிந்தது. இருந்த மருந்து முழுவதையும் மகளுக்கு ஏற்றினாள். அது வெறும் தண்ணீர்போலப் பலனில்லாமல் போயிற்று.

ஜாடிகளுக்கு முன்னால் முழங்காலிட்டாள். "பசிக்குன்னு நினைச்சுத்தானய்யா குடுத்தேன். போதும் மக்கா. எம்புள்ளய விட்டுருங்க." அன்போடு செய்தது ஒருபோதும் கெடுதலாக முடியாது என்று நம்பித்தான் அவள் இத்தனை நாள் வாழ்ந்தாள். அந்த நம்பிக்கையை யாரோ தன் மேலிருந்து உருவி எடுக்கிறாற்போல இருந்தது அவளுக்கு.

விளக்கு வைக்கிற நேரம். மேரிராணியின் மூச்சு நீள நீளமாக இழுத்தது. கனிந்து அழுகின பழத்தின் வாடை. சொர்ணத்தாய் ஈரத்துணியை நெற்றியில் போட்டாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது அவளிடம். "கர்த்தர் பாத்துக்கிடுவாரு. டாக்டரய்யா வந்துருவாவ."

"எம்மா."

"சொல்லு தாயி."

"நிறைய பேரு இருக்காவம்மா. எனக்குள்ள எடமே இல்ல."

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது.

மழை ஓய்ந்தது. மூச்சும்.

சொர்ணத்தாய் அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். நேசம்மாள் குனிந்து மகளின் மார்பில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. கையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. சிலுவை வரைய நெற்றிக்கு விரலைக் கொண்டுபோனாள்.

கன்னம் அசைந்தது.

கண் மூடியபடி. மெதுவாக. கடலையைக் கடிக்கிற சத்தம்.

தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கியது.

பிறகு, இன்னொன்று கேட்கிறாற்போல, வாய் திறந்தது.