நாற்பத்தொன்றாவது தோல்

யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனாலும் பம்ப் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஷூ கம்பெனி முழுதும் அடைத்துக் கிடக்க, மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் ரெனால்ட் மட்டும் அடித்தளத்துப் புதுக் கழிப்பறையில் ஸ்பேனரும் கையுமாக நின்று, தரைக்கடியில் உர்ரென்று கிளம்பி, எதையோ கொஞ்ச நேரம் மென்று, பிறகு மெல்ல அடங்கிய அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். இது மூன்றாவது தடவை. மூடியைத் திறந்து பார்த்தால் பம்ப் இறக்கிய குழியில் கணுக்காலளவு தண்ணீர்தான். மட்டம் ஏறினால் மேலெழும்பி பம்பைக் கிளப்ப வேண்டிய மிதவை கீழே சும்மா தொங்கியது.

"இன்னா எழவுடா இது!" என்று மூடியின் நாலு போல்ட்டையும் மறுபடி முடுக்கினான்.

நாளைக்கு ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறான். அடித்தளத்தில் உட்கார்ந்து தைக்கும் அறுபது பெண்களுக்கு அங்கேயே கழிப்பறை இல்லையென்றால் அந்த யூனிட்டையே மூடச் சொல்லிவிடுவான். அறுபதில் ஒருத்தி ரெனால்ட்டின் மனைவி ஜெஸி. இரண்டு மாடி ஏறிப் போக வேண்டுமே என்று நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் தைத்து, நீர்க்கடுப்பு வந்து இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தவள். அவளுக்காகவே இதை முடித்துவிட வேண்டுமென்று அவனுக்கு வெறி.

தெருச் சாக்கடை அடித்தளத்தைவிட எட்டடி மேலே இருந்தது. பம்ப் வைத்துத்தான் கழிவை மேலே தள்ள வேண்டும். எந்த பம்ப் என்பதில் மூன்று வாரமாக அவன் உயிர் போயிற்று. கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால் பெட்டிபோல் உட்காரும் இறக்குமதி பம்ப் கெட்டுப்போனால் சாமானுக்குச் சென்னைக்கு ஓட வேண்டும். மேடை கட்டிக் கழிப்பறையை உயர்த்தினால் தலை இடிக்கும். குழி வெட்டி அதில் பம்பை இறக்குவதுதான் வழி என்றார் வேலூர் கடைக்காரர். புதிதாக வெட்டுவானேன், இந்த இடம் தோல் பதனிடும் டேனரியாக இருந்தபோது தோல் ஊறவைத்த சுண்ணாம்புக் குழி தரைக்கடியில் கிடக்கிறதே என்று கண்டுபிடித்துச் சொன்னவன் ரெனால்ட்தான். எம்.டி. அன்றைக்கு அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

முதலில் இறக்கிய சாதா பம்ப் வெள்ளிக்கிழமையே முடி சுற்றி நின்றுபோனது. இழுக்க இழுக்க முடி வந்தது. அதன் பின்னால் ஒரு முழுத்தோல் வந்தது, சுண்ணாம்பில் உப்பி, நேற்றுப் போட்டதுபோல் வெளுப்பாக. குழியை மூடிப் பதினைந்து வருஷம் ஆகிறது. அதையெல்லாம் யோசிக்க அவனுக்கு ஏது நேரம்? தோலைக் கொண்டுபோய்ப் பின்சுவரில் போட்டுவிட்டு, எது வந்தாலும் நறுக்கித் தள்ளும் கட்டர் பம்பை இறக்கினான்.

அந்தப் பம்ப்தான் இப்போது தானாக ஓடுகிறது.

"சார்." மேல்படியில் வாட்ச்மேன் ஹயாத் பாஷா. டேனரி காலத்தில் இதே குழியில் வேலை செய்தவர். கூப்பிட்டால்கூடக் கீழே இறங்க மாட்டார். "செவுத்து மேல ஒரு தோல் கெடக்குதே, அது இந்தக் குழியில வந்ததா?"

"ஆமா பாய். இன்னா இப்போ?"

"நாப்பது போட்டா நாப்பத்தொண்ணு வரும் சார் இதுல. ஒண்ணு ஜாஸ்தி. அத பொரட்டிக்கூட பாக்காம மேஸ்திரி உள்ளாறயே தள்ளிடுவாரு. ஒருதபா புது மேஸ்திரி எடுத்து வெளிய வெச்சிட்டான். அன்னிக்கி குழியில எறங்கன ஆளு ஏறி வரல. கொண்டாந்து போட்ருங்க சார்."

"போட்டா பம்ப் மறுபடி நின்னுபோவும் பாய்! நாளைக்கி ஆடிட்ட நீ வந்து பாப்பியா?"

பாஷா மேல்படியிலிருந்தே திரும்பிப் போய்விட்டார்.

சர்ச் முடிந்து, டிபன் கேரியரில் பிரியாணியோடு ஜெஸி வந்தாள். வியர்வையை முந்தானையால் துடைக்கும்போது ரவிக்கைக் கைக்குக் கீழே அம்மை குத்திய தழும்பு தெரிந்தது, நாலணாக் காசளவு. புது டைல்ஸைப் பார்த்து அவள் முகம் மலர்ந்துபோனது.

"அறுபது பேர்ல மொதல் ஆளு நான்தான்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

மூன்று வாரத்தில் முதல்முறையாக அவனுக்கு மனசு லேசானது. தையல் மெஷின்கள் வரிசையாக உறை போர்த்தி நின்றன. பசையும் புதுத்தோலும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியிலிருந்து வேறொன்று மெல்லக் கிளம்பியது. ஈரச் சுண்ணாம்பின் வாடை, மூக்கு எரிய.

"இன்னாங்க" என்றாள் உள்ளேயிருந்து. "கீழ யாரோ எண்றாங்க."

"இன்னா?"

"முப்பத்தேழு... முப்பத்தெட்டு... வெளாடறீங்களா?"

"ஜெஸி, கதவத் தெற."

"தாழ் வரமாட்டேங்குதுங்க. முப்பத்தொம்பது..."

தோளால் இடித்தான். மறுபடி இடித்தான்.

"நாப்பது" என்றாள் ஜெஸி. அழுகிற குரல்.

பம்ப் கிளம்பியது. உர்ரென்று. பிறகு சத்தம் கனத்தது. திணறியது. வெள்ளிக்கிழமை கேட்ட அதே திணறல். முடி சுற்றும் சத்தம்.

கதவு உடைந்தது.

ஆள் இல்லை. ஒரு ஜோடி செருப்பு. தரை காய்ந்து கிடந்தது. மூடியின் நாலு போல்ட்டும் அவன் முடுக்கியபடியே இருந்தன.

ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

பம்பைத் தூக்கும் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். கனத்தது. பம்பைச் சுற்றி ஒரு தோல். வெளுப்பாக. மடிப்பு மடிப்பாக.

புரட்டக் கூடாது. பாய் சொன்னது நினைவிருந்தது. புரட்டினான்.

ஓரத்தில், நாலணாக் காசளவு, அம்மை குத்திய தழும்பு. அந்தத் தோல் இன்னும் சூடாக இருந்தது.