உபரி மூச்சு

மேல்முகாமில் காலை ஏழு மணிக்கெல்லாம் இரத்தம் மாற்றிக்கொள்ள வரிசை கூடிவிடும். ஒரு கையில் காபித் தம்ளர், சட்டையைச் சுருட்டிவிட்ட மறு கை நீட்டியபடி, ரேஷன் கடையில் நிற்கிற அலுப்போடு ஆட்கள் நிற்பார்கள். அவரவர் சொந்த இரத்தம் பையில் இறங்கி, பெயர் ஒட்டப்பட்டுக் குளிர்பெட்டிக்குள் போகும். அதற்குப் பதிலாக உடம்புக்குள் உயர்குருதி ஏறும். இளநீல நிறம். காற்று மூன்றில் ஒரு பங்காக மெலிந்துவிட்ட இமயத்து உச்சியிலும், கிடைக்கிற பிராணவாயுவைச் சிந்தாமல் பிடித்துக்கொள்ளும் சரக்கு அது. ஆனால் ஒரு பகல்தான் தாங்கும். பொழுது சாய்வதற்குள் இறங்கி வந்து சொந்த இரத்தத்தைத் திரும்ப ஏற்றிக்கொள்ளாவிட்டால், நீலம் உடம்புக்குள்ளேயே பாலாய்த் திரிந்துவிடும்.

"எனக்கு எதுக்குங்க இது? ஏற்கெனவே நமக்கு உயர் ரத்தந்தானே, டாக்டரே சொல்லியிருக்காரு" என்றார் நாகமாணிக்கம்.

"ஊசி குத்தற புள்ளைகிட்ட போய் ஜோக் அடிக்காதீங்க, நரம்பு மாறிக் குத்திப்போடும்" என்றாள் அவர் மனைவி சாந்தாமணி.

பின்னால் நின்ற கார்வேந்தன் சிரித்தான். தெய்வானையும் சிரித்தாள். நாலு பேரும் கோயம்புத்தூர் வடவள்ளியில் ஒரே காலனிக்காரர்கள். காலையில் ஒன்றாக நடக்கிறவர்கள். அந்தக் காலனியில் இந்த வெண்சங்கு மலையின் உச்சியில் நின்று எடுத்த படம் இல்லாத வாசல் தெய்வானையுடையது ஒன்றுதான். நடக்கும்போது மற்றவர்கள் உச்சியைப் பற்றிப் பேசுவார்கள், இவள் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நடப்பாள். கணவர் போன பிறகு பேச்சுத்துணைக்கு அந்தக் காலை நடையைத் தவிர அவளுக்கு வேறு எதுவுமில்லை. அதனால்தான் ஐம்பத்தேழு வயதில், முழங்கால் கெஞ்சியும் கேளாமல், இரண்டாம் தடவை போகிற அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

ஏறுகிறவர்களை நான்கு நான்கு பேராக ஒரு கயிற்றில் கோத்துவிடுவார்கள். முன்னால் வழித்துணை என்கிற எந்திரம் நடக்கும். கன்றுக்குட்டி உயரம், ஆறு கால், பனியில் ஆணி அடித்ததுபோல் பதிகிற குளம்புகள். கயிற்றை அதுதான் இழுக்கும், சாய்கிறவரை அதுதான் தாங்கும். பயணத்தை நடத்துகிற சிகரவாசல் நிறுவனத்தார் அதற்கு அந்தப் பெயரை வைத்தபோது தெய்வானைக்குப் பிடித்திருந்தது. போகிற வழிக்குத் துணையாக வருகிறவன் என்று அவள் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற சாமிக்கும் அதே பெயர்தான்.

வழித்துணையின் வயிற்றில் நான்கு பேருக்கான மூச்சுக்கு மேல் ஒருவருக்கான உபரி மூச்சு இருக்கும். காற்றும் சூடும் சேர்ந்த ஒரு உறை. வழியில் யாராவது விழுந்து கிடந்தால் அந்த உறைக்குள் வைத்துக் கீழே கொண்டுபோகலாம். ஆனால் கயிறு முழுவதும் திரும்ப வேண்டியிருக்கும், உச்சி கிடையாது. ஆகவே கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று மலைச்சபை சட்டம் போட்டிருந்தது. விழுந்தவரைத் தவிர கயிற்றில் ஒருவர் சம்மதித்தால் போதும். நாலு பேரில் ஒருவருக்காவது மனசு இருக்காதா என்று நினைத்து அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நல்லவர்கள்தான். அந்த உயரத்தில் புத்தி தடுமாறும் என்பதால் முதலில் சொல்வதே முடிவு என்றும், அதன்பின் உச்சி போய்ச் சேரும்வரை வழித்துணை யார் பேச்சையும் கேட்காது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அதுவும் நல்லெண்ணத்தில் சேர்த்ததே.

நடுப்பகலில், உச்சிக்குக் கீழே இருக்கும் பாறைப் படியில் தெய்வானையின் காலணிமுள் இடுக்கில் மாட்டியது. கயிறு இழுத்தது. முழங்கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் திரும்பின.

"ஏனுங்க்கா, முட்டி பிசகிப்போச்சா?" கார்வேந்தன் குனிந்தான்.

"ஊனவே முடியலீங் தம்பி."

"கொஞ்சம் எந்திரிச்சுப் பாருங்க்கா."

எழுந்து பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

வழித்துணை திரும்பி வந்து அவள் காலை முகர்ந்துபார்ப்பதுபோல் தலையைத் தாழ்த்தியது. பிறகு எல்லோர் காதிலும் பேசியது. "பயணி தெய்வானை நடக்கும் நிலையில் இல்லை. உபரி மூச்சை அவருக்கு அளித்துக் கீழே கொண்டுசெல்ல ஒருவரின் சம்மதம் தேவை. பயணி நாகமாணிக்கம்?"

நாகமாணிக்கம் உச்சியைப் பார்த்தார். கூப்பிடுகிற தூரத்தில் வெயிலில் மினுங்கியது. "பாக்கலாம் பாக்கலாம்" என்றார். "அம்மிணி இங்கியே பதனமா ஒக்காந்திருங்க. வரும்போது பாத்துக்கலாம்."

"பயணி சாந்தாமணி?"

"அவருதான் சொல்லிட்டாரே. பாக்கலாம்."

"பயணி கார்வேந்தன்?"

கார்வேந்தன் காலணியின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். "பாக்கலாமுங்க."

"பதிவு செய்தேன்" என்றது வழித்துணை. தெய்வானையின் கொக்கியைக் கழற்றியது. சாந்தாமணி தன் பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து அவள் மடியில் வைத்து, "வாயில போட்டுக்கங்க்கா, தெம்பா இருக்கும்" என்றாள். கயிறு நகர்ந்தது. வரும்போது பார்ப்பதற்கு வழியே இல்லை என்பது நாலு பேருக்கும் தெரியும். ஏறுவது இந்தப் பக்கம், இறங்குவது மலையின் மறுபக்கம், சறுக்குக் கம்பியில்.

கொஞ்ச நேரம் கழித்து, முகாமிலிருந்து பேசும் எந்திரக் குரல் அவள் காதுக்குள் வந்தது. "மறுப்பு மூன்று. அடுத்த கயிற்றுக்காகக் காத்திருக்கவும். முகாமிலிருந்து மீட்பு எந்திரம் நாளைக் காலைதான் வர இயலும்."

நாளைக் காலை என்றால் என்ன பொருள் என்று அவளுக்குப் புரிந்தது. பொழுது சாயும்வரைதான் உயர்குருதிக்குக் கெடு.

"மூணு பேரும் பாக்கலாம்னுதானே சொன்னாங்க? அதை ஏஞ்சாமி மறுப்புன்னு போடறே?" என்று கேட்டாள். அதன் பொருள் தெரியாமல் கேட்கவில்லை. எந்திரத்துக்காவது தெரியாமல் இருக்காதா என்ற நப்பாசை.

"தொடக்கத்தில் அதைச் சம்மதம் என்றே கொண்டோம்" என்றது குரல். "கயிறுகள் பாதியில் திரும்பின. பயணிகள் கோபித்தார்கள். பார்க்கலாம் என்றால் சரியென்று அர்த்தமா, தமிழே தெரியாத எந்திரம் என்று புகார் செய்தார்கள். அதன்பின் பல லட்சம் தமிழ் உரையாடல்களைக் கேட்டுத் திருத்திக்கொண்டோம். இப்போது எங்களுக்குப் பிழை நேர்வதில்லை."

தெய்வானை வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண், தன் தம்பிக்கு உங்கள் மகன் கம்பெனியில் ஒரு வேலை சொல்லுங்கள் என்று கேட்டது நினைவுக்கு வந்தது. "பாக்கலாம் கண்ணு" என்று இவள் எவ்வளவு பிரியமாகச் சொன்னாள்! அந்தப் பெண்ணும் சிரித்த முகத்தோடு போய்விட்டாள். பிறகு கேட்கவேயில்லை. இல்லை என்று முகத்தில் அடிக்காமல் சொன்னதை ஒரு புண்ணியமாகவே இதுநாள்வரை தெய்வானை நினைத்திருந்தாள். யார் மனமும் நோகாமல் கதவைச் சாத்துவதற்கு நம்மவர்கள் செய்துவைத்திருக்கும் தாழ்ப்பாள் அந்தச் சொல். எண்ணெய் போட்டதுபோல் சத்தமில்லாமல் விழும்.

அடுத்து இரண்டு கயிறுகள் வந்தன. மதுரைக்காரர்கள் நின்று பரிவோடு விசாரித்தார்கள். சென்னைக்காரர்கள் கைகூப்பிக் கடந்தார்கள். எட்டுப் பேரும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது அன்றைக்குக் கடைசிக் கயிறு வந்தது. முன்னால் வந்த மூவரும் ஓசூரைச் சேர்ந்த அண்ணன் தம்பிகள். வழித்துணை கேட்பதற்கு முன்பே, "பார்க்கலாம், பார்க்கலாம், நட" என்றார் மூத்தவர். கயிற்றின் கடைசியில் வந்தவள் மட்டும் நின்றாள். கையுறையைக் கழற்றினாள். தெய்வானையின் முகமூடியை விலக்கி உதட்டு நிறத்தைப் பார்த்தாள், கழுத்தில் விரல் வைத்தாள்.

"அஞ்ச வேண்டாம், அம்மா. நான் செவிலி. என் பெயர் டோல்மா. சிக்கிமிலிருந்து வருகிறேன்."

பாடப்புத்தகம் வாய் திறந்து பேசியதுபோல் இருந்தது. தமிழர் கயிற்றில் ஓர் இடம் காலியாக இருந்ததால் அவளை அதில் சேர்த்திருந்தார்கள். ஏறுவதற்கு முன் காதுக்குப் பின்னால் தமிழ் மொழிவிதை ஒன்றைப் பதித்தார்கள். அரிசி மணி அளவு. அகராதியும் இலக்கணமும் முழுக்க அதற்குள் இருக்கும். தமிழர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள்.

டோல்மா தன் மார்புச் சட்டைக்குள் வைத்திருந்த சூட்டுப்பையை எடுத்துத் தெய்வானையின் சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டிவைத்தாள். அவளுக்கென்று இருந்த சூடு அது ஒன்றுதான். அந்த இதம் பரவியதும் தெய்வானைக்கு அழுகை வந்தது. கடவுள் நேரில் வர நேரமில்லாதபோது இப்படித்தான் யாரையாவது அனுப்பிவைக்கிறார். இவள் அனுப்பப்பட்டவள்தான். ஒரு சொல் மட்டும் சரியாகச் சொல்லிவிட்டால் போதும்.

"கண்ணு" என்று டோல்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள். "இப்ப அது உன்னையக் கேக்கும். சரீன்னு சொல்லிப்போடு. வேறெதும் சொல்லிப்போடாதே, கேட்டியா?"

டோல்மா நெற்றியைச் சுருக்கினாள். "பொறுத்தருள்க. தாங்கள் கூறுவது எனக்கு விளங்கவில்லை."

"சரீன்னு… சரீன்னு சொல்லு தாயி."

"நன்றி கூறத் தேவையில்லை, அம்மா. இது என் கடமை."

தெய்வானை பள்ளிக்கூடத்துத் தமிழைத் தேடினாள். சம்மதம். சம்மதிக்கிறேன் என்று கூறு. வார்த்தைகள் மனசுக்குள் வந்துவிட்டன, விறைத்த உதடுதான் கூடவில்லை. "சம்… சம்ம…"

"பயணி டோல்மா," என்றது வழித்துணை, "உபரி மூச்சை இவருக்கு அளித்துக் கீழே கொண்டுசெல்லலாமா?"

டோல்மா நிமிர்ந்தாள். வைத்தியம் பார்க்கிறவர்கள் நோயாளியின் உறவினரிடம் சொல்கிற உறுதியோடு, ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக உச்சரித்துச் சொன்னாள்.

"பார்க்கலாம்!"

"பதிவு செய்தேன்."

டோல்மாவின் முகம் மலர்ந்தது. தெய்வானையின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். கயிறு இறுகியபோதுதான் கொஞ்சம் திகைத்தாள். திரும்பிப் பார்த்தாள், வழித்துணையைப் பார்த்தாள். மேலே போய் வேறு எந்திரத்தை அழைத்து வரப்போகிறது என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள் போலும். "அஞ்ச வேண்டாம், அம்மா! இப்போதே வந்துவிடுவார்கள்!" என்று பாறை மறைக்கிறவரை கத்திக்கொண்டே போனாள்.

"சாமி," என்றாள் தெய்வானை, காதுக்குள் இருந்த குரலிடம், "அந்தப் புள்ள நெசமாத்தான் சொல்லுச்சு. பாக்கலாம்னா பாக்கலாம்னுதான் சொல்லுச்சு. திருப்பிக் கேளு."

குரல் சற்றுத் தேடிப்பார்த்தது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

"அந்தச் சொல்லைத் தமிழர்கள் அந்தப் பொருளில் ஆண்டதாக எங்கள் பதிவில் ஒரு சான்றும் இல்லை" என்றது.

டோல்மா வைத்துவிட்டுப் போன சூடு தெய்வானையின் நெஞ்சில் இன்னும் இருந்தது. சட்டைக்கு மேலேயே இரண்டு கையையும் வைத்து அதைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் எந்தக் குறையும் இல்லாமல் ஊர் போய்ச் சேர வேண்டும், நடந்தது ஒருநாளும் அவளுக்குத் தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். பனியின் மீது நிழல்கள் நீண்டன. விரல்நுனிகளில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது.

குரல் மீண்டும் வந்தது. இந்தமுறை அதில் ஒரு விருந்தோம்பல் குழைவு இருந்தது. "பயணி தெய்வானை அவர்களே, சிகரவாசலுடன் தாங்கள் மேற்கொண்ட பயணம் இவ்விடத்தில் நிறைவடைகிறது. விடைபெறுமுன் ஒரே ஒரு கேள்வி. அடுத்த ஆண்டும் எங்களோடு வருவீர்களா?"

மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு அப்போதும் மனம் வரவில்லை. எந்திரமானாலும் கேட்டது மரியாதையாகக் கேட்டது.

"பாக்கலாமுங்க" என்றாள்.

"பதிவு செய்தேன்" என்றது அது. "மறுப்பு ஒன்று."