நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவே

காலை ஆறு மணிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தின் மூன்றாம் வாசலுக்கு ஐஸ் வாளி வந்துவிடும். வேலைக்கு வருகிறவர்கள் இடது மணிக்கட்டை அதில் முக்கி, முப்பது வரை எண்ணி, துடைத்துக்கொண்டு அளவுத் தூணில் வைப்பார்கள். கை குளிர்ந்திருந்தால், மனத்தின் தெளிவை அளக்க அதில் கட்டியிருக்கும் மனமானிப் பட்டை ஏழெட்டு எண் கூட்டிக் காட்டும். இது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். தூணுக்கு மட்டும் தெரியாது.

கிரேன் ஓட்டும் ஜெசிந்தா மூன்று மாதமாக அந்த வாளிக்கு வாடிக்கை. தெளிவெண் ஐம்பதுக்குக் கீழே போனால் கிரேன் ஏற விடமாட்டார்கள்.

இன்று அவள் வாளிப் பக்கம் போகவில்லை. லீவு சொல்லிவிட்டு, அண்ணன் ரெமியின் கையைப் பிடித்துக்கொண்டு மறுவாழ்வு மனைக்கு நடந்தாள். ஆறாவது முயற்சி.

"ஏட்டி, மெதுவா இழு. நான் என்ன கன்டெய்னரா?"

"கன்டெய்னரா இருந்தா நாலு நிமிசத்துல தூக்கி உள்ள வச்சிருப்பேன். கையக் காட்டுண்ணே."

ரெமியின் பட்டையில் 33.

ஒரு காலத்தில் வேண்டாதவர்களைக் குடிகாரன், பைத்தியம் என்று சொல்லி இழுத்துப்போய் அடைத்தார்களாம். அதைத் தடுக்க வந்தது தெளிவுச் சட்டம். எண் நாற்பதுக்குக் கீழே இருந்தால் அந்த ஆளின் சம்மதம் செல்லாது. நாற்பத்தைந்துக்கு மேலே போனால் சிகிச்சை தேவையில்லை. நடுவில் நிற்பவருக்குத்தான் மனையின் கதவு திறக்கும். போதை இறங்க இறங்க ரெமியின் எண் மெல்ல ஏறும், நாற்பதைத் தொட்டதும் வேகம் பிடிக்கும். அந்த ஐந்து எண்ணை அவன் ஒன்பது நிமிடத்தில் தாண்டிவிடுவான். வரிசை நகர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

காற்றில் ஆடும் பெட்டி எந்த நொடியில் நேராக நிற்கும் என்று கணித்து இறக்குவது ஜெசிந்தாவின் தொழில். மூன்று இரவு தூங்காமல் அண்ணனின் எண் ஏறும் வேகத்தைத் தாளில் கோடு போட்டுப் பார்த்திருந்தாள். எட்டே காலுக்கு நாற்பது. எட்டு இருபத்துநாலுக்கு நாற்பத்தைந்து, அவனுக்குக் கதவு மூடிவிடும். போன வாரம் போதையில் படகுத்துறையிலிருந்து விழுந்தவனை ஒரு வலைக்காரர் பார்த்துத் தூக்கினார். அடுத்த முறை யாராவது பார்ப்பார்களா?

எட்டே காலுக்கு அவர்களுக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருடைய எண் 38.

"தங்கள் சம்மதம் செல்லாது. பிறகு வருக" என்றது கதவு.

"நான் தெளிவாத்தான்யா இருக்கேன்! எம்பொண்டாட்டி பேரு சொல்லட்டுமா? அவ அண்ணன் பேரு சொல்லட்டுமா?" அவர் கதவோடு சண்டைக்கு நின்றார். காவலாளி சங்கரபாண்டி கெஞ்சிக் கூத்தாடி அவரை நகர்த்துவதற்குள் பன்னிரண்டு நிமிடம் போய்விட்டது.

ரெமியின் பட்டை 47 காட்டியது. கால் நடுங்கத் தொடங்கியிருந்தது.

"விடுட்டி. வீட்டுக்குப் போவோம். நமக்குக் கொடுத்துவைக்கல."

"ஏறுண்ணே."

கதவுக்கு முன்னால் எண் பார்க்கும் பலகை இருந்தது; வழக்கமாக அவள் அதைச் சுற்றிய மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்பாள். இன்று ரெமியால் தனியாக நிற்க முடியவில்லை. அவனைத் தாங்கிக்கொண்டு அவளும் பலகையில் ஏறினாள்.

"ரெமிஜியுஸ். நாற்பத்தேழு. சிகிச்சை தேவையில்லை."

அவள் கண்ணை மூடினாள். கதவு இன்னும் பேசி முடிக்கவில்லை.

"ஜெசிந்தா. நாற்பத்து மூன்று. சிகிச்சைக்குச் சம்மதமா?"

அவள் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஐஸில் முக்காத கையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? கிரேன் திரையில் பெட்டியின் ஆட்டம் தெரியும். ஓட்டுபவர் உட்காரும் கூண்டின் ஆட்டம் தெரியாது.

சங்கரபாண்டி பதறிப்போய் ஓடிவந்தார். "யம்மா, பதில் சொல்லிராதீக! சரின்னு சொன்னாத்தான் பதிவாகும். எங்க ரூம்ல ஐஸ் பெட்டி இருக்கு. சட்டுனு கைய முக்குனா ஏறிரும். இல்லன்னா ஒங்க கிரேன் லைசென்சு போயிரும்மா!"

"திரும்பக் கிடைக்க எவ்வளவு நாளாவும்?"

"எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் திரும்பக் கிடைக்கல."

ஒன்பது வருடம் ஓட்டிய கிரேன். அறுபது மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் கடல் மடித்து வைத்த துணி மாதிரி இருக்கும்.

"நோயாளிகூட ஒரு தொணை போலாமில்ல? அவங்களுக்கு எண் பாப்பாங்களா?"

"தொணைக்கு எண் கெடையாது. சட்டமெல்லாம் கதவோட சரி. உள்ள போயிட்டா டாக்டரம்மா யாரையும் பாப்பாக." சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. "அடியாத்தி..."

ஜெசிந்தா சட்டைப்பையிலிருந்து துணைச்சீட்டை எடுத்தாள். துணை என்ற இடத்தில் ஆறு வாரமாக அவள் பெயர்தான் இருந்தது. அதை அடித்துவிட்டு ரெமிஜியுஸ் என்றும், நோயாளி என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதினாள்.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? கிரேன்?"

"அது கெடக்கட்டும்ணே." கதவை நேராகப் பார்த்தாள். "சம்மதம்."

பட்டை ஒருமுறை அதிர்ந்தது. கிரேன் உரிமம் நீக்கம் என்று எழுத்து ஓடியது. கதவு திறந்தது.

உள்ளே தூண் இல்லை, திரை இல்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா. ஜெசிந்தா மளமளவென்று ஆரம்பித்தாள். அண்ணன் குடிக்கத் தொடங்கிய வருடம், நடுக்கம் வரும் நேரம், படகுத்துறையில் விழுந்தது. கோடு போட்ட தாளையும் மேசையில் விரித்தாள்.

"இரும்மா. சீட்டுல நோயாளின்னு ஒங்க பேருதான இருக்கு?"

"அது... கதவுக்காக டாக்டர்."

"இல்ல டாக்டர்." ரெமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவன் தாளைப் பார்க்கவில்லை. தங்கையின் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னைய அப்புறமா பாருங்க. நான் எங்கயும் ஓடமாட்டேன். மொதல்ல இவளப் பாருங்க."

டாக்டரம்மா தாளை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"சொல்லும்மா. ஒனக்கு என்ன செய்யுது?"

அண்ணனைப் பற்றிச் சொல்ல அவளிடம் மூன்று மாதக் கணக்கு இருந்தது. தன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தூங்க முடியல டாக்டர்" என்றாள்.