நீளக்கால் மூதாதை

சேலையூரில் துப்பறியும் நிபுணர் சுந்தர்சிங்கின் மேசைமீது மாளவிகா இரண்டு படங்களை வைத்தாள். இரண்டிலும் ஓர் அரணை. என்றோ அழிந்துபோன, எவரும் கண்டிராத மூதாதை. ஒன்றில் குட்டைக் கால். மற்றதில் நீளக் கால்.

"முதல் படம் போன வாரம் போட்டது சார். ரெண்டாவது, இன்னைக்குக் காலையில அதே கணக்கைத் திரும்பப் போட்டப்ப வந்தது. என் லேப்டாப்ல இருக்கிற அளவுகளை யாரோ மாத்தியிருக்காங்க. கூட வேலை பார்க்கிறவங்கள்ல ஆஸ்டினுக்கு மட்டும்தான் பாஸ்வேர்டு தெரியும். சாயங்காலம் புரொபசர்கிட்ட சொன்னா அவன் வேலை போயிடும்."

"போகட்டுமே!" என்றான் உடன் வந்த கணவன் ஷ்யாம்சுந்தர். "குன்றத்தூர் அரணையோட காலை நீட்டி வெச்சிருக்கான். நீ சாப்பிடும்போதுகூட அவன் போன்தான்."

"எண்களைப் பார்த்தீங்களா மேடம்?" என்றார் சுந்தர்சிங் நிதானமாக.

"இல்ல சார். நூத்துக்கணக்கில இருக்கு. படத்தைப் பார்த்ததும் வீட்லேர்ந்து நேரா வந்துட்டோம்."

"யாரும் பார்க்காத மூதாதையை எப்படி வரையறீங்க?"

"இப்ப இருக்கிற அரணைகளை அளப்போம். எது எதுக்கு நெருங்கின சொந்தம்னு வம்ச மரம் இருக்கு. கிளை வழியாப் பின்னாடி போய்க் கணக்குப் போடுவோம்."

"பேரனுங்க மூஞ்சிய வெச்சு தாத்தாவ வரையற மாதிரி!" என்றாள் சுந்தர்சிங்கின் உதவியாளர் சுஜி.

"இந்தத் தாத்தாவுக்கு எத்தனை பேரன்?" என்றார் சுந்தர்சிங்.

"ரெண்டு. குன்றத்தூர் அரணை, கேளம்பாக்கம் அரணை. ரெண்டையும் ஆஸ்டின்தான் அளந்தான்."

"அப்ப அவரேதான் சார்!"

"இரு சுஜி. ரெண்டு பேரன்ல எவன் கால் நீண்டாலும் தாத்தா கால் நீளும். படத்தைப் பார்த்து எவன்னு மேடமே சொல்ல முடியாது." அவர் ஷ்யாமின் பக்கம் திரும்பினார். "குன்றத்தூர்னு உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

மாளவிகா லேப்டாப்பைத் திறந்தாள். கேளம்பாக்கம் எண்கள் அப்படியே இருந்தன. குன்றத்தூர் அரணையின் கால் மட்டும் இரு மடங்காகியிருந்தது.

"உன் வேலையைக் கெடுக்கணும்னு இல்ல மாளு. அவன் போனா போதும்னு..."

"நாங்க என்ன பேசறோம்னு ஒரு நாளாவது கேட்டியா? இந்த அரணைக் காலைத்தான்டா பேசறோம்!"

அவள் ஆஸ்டினை அழைத்தாள். "உன்மேல தப்பில்ல ஆஸ்டின். யார் மேலன்னு ஷ்யாமே சொல்வான்."

நீட்டிய போனை ஷ்யாம் தயங்கித் தயங்கி வாங்கினான்.

"சொல்லுங்கண்ணா," என்றது மறுமுனைக் குரல்.