புழுத் தண்ணீர்

1998 மார்ச் மாதம் ஒரு காலை, கருங்குழி ஏரிக்கரையில் இருந்த பழைய மீன்பண்ணைக்குச் சங்கரி வந்து சேர்ந்தாள். விலங்கியல் முதுகலை மாணவி. இருபது நாள் ஆய்வு. அது முடிந்தால்தான் பட்டம்.

பண்ணைக்காரர் திருவேங்கடம் கொட்டகையைத் திறந்துவிட்டார். அழுகல் வாடை முகத்தில் அடித்தது. நடுவில் சிமென்ட் தொட்டி. அதைச் சுற்றி, தரையில் படிந்த பாசியில் வட்டமாக ஒரு தடம்.

“போன வருசம் தேவா தம்பி இங்கதான் ஆராய்ச்சி பண்ணாரு. கடைசில தொட்டியச் சுத்திச் சுத்தி நடந்துகினே இருந்தாரு. ஒரு நாளு உள்ள மெதந்தாரு. தேச்சுத் தேச்சுப் பாத்துட்டேன், தடம் போவல. நீ தண்ணி எடுக்குற குழாய்ல வாய வெச்சு உறிஞ்சாதம்மா. அவரு அத்தத்தான் பண்ணாரு.”

“அமுக்கி உறிஞ்சுற ரப்பர் பல்பு எங்கிட்ட இருக்குண்ணே.”

அவள் ஆராய வந்தவை அந்தத் தொட்டியில் இருந்தன: சேற்றில் தலையைப் புதைத்து, வாலை ஆட்டி மூச்சு விடும் சிவப்புப் புழுக்கள். நூல் போல மெல்லியவை. அவற்றின் குடலில் ஓர் ஒட்டுண்ணி வளர்கிறது. முதிர்ந்ததும் மூன்று கொக்கி விரித்த நங்கூரம் போல வெளியேறி நீரில் மிதக்கும். மீன் வந்து உரசினால் தோலைத் துளைத்து உள்ளே போய் குருத்தெலும்பைத் தின்னும். பிறகு அந்த மீன் தன் வாலையே துரத்திச் சுற்றும். சாகும்வரை.

தினமும் நண்பகலில் புழுத் தண்ணீரை உறிஞ்சியெடுத்து அந்த நங்கூரங்களை எண்ண வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மொத்தமும் வீண்.

பதினேழாம் நாள் பல்பு கிழிந்தது. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம்.

ஒரே ஒரு தடவைதானே?

குழாயில் வாய் வைத்தாள். தண்ணீர் குபுக்கென்று ஏறியது. கொழகொழவென்று, வெதுவெதுப்பாக. நாக்கின் மேல் மயிர் போல என்னவோ நெளிந்தது.

துப்பினாள். பல்லிடுக்கில் ஒன்று சிக்கியிருந்தது. நகத்தால் இழுத்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

வாந்தியெடுத்தாள். வாயைக் கழுவினாள். எண்ணி எழுதிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

“இன்னாம்மா, எவ்ளோ நேரமா கூப்புட்றேன்! நில்லும்மா!”

வாசலில் திருவேங்கடம். அவர் முகம் வெளுத்திருந்தது.

“நான் உக்காந்துதானே இருக்கேன்…”

முக்காலி தொட்டிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. கடிகாரத்தில் மணி நான்கு. அவள் கணுக்கால் வரை பச்சைப் பாசி.

வட்டத் தடத்தில் அவளுடைய ஈரக் காலடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எட்டு முன்னால், அதைவிடப் பெரிய ஒரு காலடி.

சங்கரி நின்றாள்.

அவளுக்கு முன்னால், பாசி மெல்ல அமுங்கியது. பிறகு, அதற்கும் ஒரு எட்டு முன்னால்.