மூன்றாவது பரணில் ரத்தம்

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"லோர்னா... மூணாவது பரணுக்கு வா. தனியா வா."

பண்ணை முதலாளி ராய்ஸ் ஹட்ஸ்பெத்தின் குரல். ஒன்பது வருஷமாக அவரிடம் வேட்டை வழிகாட்டியாக இருக்கிறாள் லோர்னா. கத்துவார், சிரிப்பார், கெட்ட வார்த்தை சொல்வார். இப்படித் தணிந்து பேசி அவள் கேட்டதே இல்லை.

காலை மணி ஏழு இருபது.

கோப்பையில் இருந்த காபியைத் தரையில் கொட்டிவிட்டு ஜீப்பைக் கிளப்பினாள்.

பிராசோஸ் ஆற்றங்கரை. ஓக் மரங்களுக்கு நடுவே பதினைந்தடி உயரத்தில் இரும்புக் கால் பரண். அதன் அடியில்...

மெரில் காஸில்பெரி குப்புறக் கிடந்தார்.

ஹூஸ்டனில் பல் டாக்டர். ஐம்பது வயதிருக்கும். மூன்று நாள் காட்டுப்பன்றி வேட்டைக்கு ஆயிரத்து எண்ணூறு டாலர் கட்டி வந்தவர். இன்று கடைசி நாள். வலது தொடையில் பேன்ட் கிழிந்து, ஈர மண்ணில் ரத்தம் பரவியிருந்தது.

லோர்னா ஓடினாள். ராய்ஸ் குறுக்கே கையை நீட்டினார்.

"தொடாதே. முடிஞ்சு போச்சு."

"எப்படி?"

"பரண்ல இருந்து கீழ இறங்கியிருக்கான் மடையன். பன்றி கிழிச்சிருச்சு. நான் வந்தப்ப மூச்சு இல்ல." அவர் அவளை நேராகப் பார்த்தார். "மயங்கிக் கிடக்க வேண்டிய பன்றி எப்படிக் கிழிக்கும் லோர்னா? நேத்து சோளத்துல மருந்து கலந்தது யாரு?"



கலந்தது அவள்தான்.

அந்தப் பண்ணையின் விளம்பரத் தாளில் மூன்று வாசகங்கள் பெரிய எழுத்தில் இருக்கும். சுதந்திரமான காடு, சுதந்திரமான பன்றி, நியாயமான வேட்டை. மூன்றுமே பொய். காட்டைச் சுற்றி எட்டடிக் கம்பி வேலி. பன்றிகள், பொறி வைத்துப் பிடிப்பவர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, ஓடை ஓரத்துப் பட்டியில் அடைத்து வைத்தவை. அந்தப் பட்டிக்கு அரசாங்க அனுமதியும் கிடையாது. வந்தவர் பல் துலக்குவதற்குள், மயக்க மருந்து கலந்த மக்காச்சோளம் தின்ற பன்றி ஒன்றைப் பரணுக்கு முன்னால் புதரில் இறக்கி விடுவார்கள். அது தள்ளாடித் தள்ளாடி வெளியே வரும். மேலே இருப்பவர் சுடுவார். போட்டோ எடுத்துக்கொள்வார்.

கணவன் விட்டுப் போன பிறகு, கால்தடம் பார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அந்த வட்டாரத்தில் வேறு யாரும் வேலை தரவில்லை. ராய்ஸ் தந்தார். அதனால் வாயை மூடிக்கொண்டு கலந்தாள்.

எப்போதும் பன்றியை இறக்கி விடுவதும் அவள்தான். இன்று மட்டும் ராய்ஸ், "நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

"மருந்து குறைஞ்சிருக்கு" என்றார் ராய்ஸ். "உன் கை தப்பு. ஆனா நான் உன்னை மாட்டி விட மாட்டேன். பட்டிக்குப் போ. இருக்கிற பன்றி எல்லாத்தையும் ஆத்துப் பக்கமா திறந்து விடு. சோளம், மருந்து எல்லாத்தையும் ஓடையில கொட்டு. முடிஞ்சதும் எனக்குச் சொல்லு. அப்புறமா ஷெரிப் ஆபீசுக்கு போன் போடறேன். காட்டுப்பன்றி, காட்டுல, ஒருத்தனைக் கிழிச்சிருச்சு. அவ்வளவுதான் கதை."

லோர்னா திரும்பி நடந்தாள். ஜீப்பில் ஏறினாள்.

பட்டிக்கு இரண்டு மைல்.

வண்டி ஓட்டுகிறோமா, வண்டி நம்மை ஓட்டுகிறதா என்று தெரியவில்லை. ரேடியோவைப் போட்டாள். அணைத்தாள். கண்ணாடியை இறக்கினாள். ஏற்றினாள்.

நேற்றுச் சாயங்காலம் உயிரோடு இருந்த மனிதர்...

முதல் நாள் காஸில்பெரி சுட்ட பன்றி அடிபட்டு ஓடிவிட்டது. புல்லில் நாலைந்து சொட்டு ரத்தம் மட்டும் கிடைத்தது. பன்றி கிடைக்கவில்லை. ராய்ஸ் அதற்கும் அறுநூறு டாலர் போட்டார். ரத்தம் சிந்தினால் பன்றி உங்களுடையது, இது பண்ணைச் சட்டம். நேற்று இரவுச் சாப்பாட்டில் மாட்டிறைச்சித் தட்டைத் தள்ளிவிட்டு டாக்டர் சண்டைக்கு வந்தார். கைக்குக் கிடைக்காத பன்றிக்கு நான் ஏன் காசு தர வேண்டும் என்றார். சினிமாக் கொட்டகையில் தூங்கினால் டிக்கெட் காசைத் திருப்பித் தருவார்களா என்று ராய்ஸ் சிரித்தார்.

அப்புறம் டாக்டர், துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்த லோர்னாவிடம் வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும் மேடம். இது நியாயமான வேட்டையா?"

ஒன்பது வருஷத்தில் வேறு யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. எத்தனை பவுண்டு என்று கேட்பார்கள். கோரைப்பல் எத்தனை அங்குலம் என்று கேட்பார்கள். நியாயமா என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

அவரைத்தான் கொன்றுவிட்டாள்.

லோர்னா ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினாள்.

பட்டி வந்தது. தகரக் கூரை. கம்பித் தடுப்புகள். உள்ளே பன்றிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு உறுமின. வேலிக்கு வெளியே திறக்கும் ஆற்றுப் பக்கக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

வைத்த கை நின்றது.

கதவைத் திறந்தால் பன்றிகள் ஆற்றைத் தாண்டி நேரே பக்கத்துப் பண்ணையின் நிலக்கடலையில் இறங்கும். ஒரே ராத்திரியில் நாற்பது ஏக்கரை உழுதுவிடும். ஒருவரைக் கொன்றது போதாதா? இன்னொருவர் வயிற்றிலும் அடிக்க வேண்டுமா?

முதலில் மருந்தைக் கொட்டலாம் என்று பின்பக்கம் போனாள். அங்கேதான் தனிக் கூண்டு இருந்தது. பரணுக்குப் போக வேண்டிய பன்றியை முந்தின நாளே பிரித்து அடைத்து வைக்கும் கூண்டு.

எட்டிப் பார்த்தாள்.

செம்பட்டைப் பன்றி. இருநூற்றைம்பது பவுண்டு. காஸில்பெரிக்காக அவள் கையாலேயே பிரித்து வைத்த அதே பன்றி.

கூண்டுக்குள்ளேயே கிடந்தது. வாயில் நுரை ஒழுக... ஆனந்தமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

லோர்னாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. மறு கணம் எல்லாமே புரிந்தது.

கூண்டின் பூட்டு அவள் போட்டபடியே இருந்தது. ராய்ஸ் இன்று பன்றியை இறக்கவே இல்லை. வேலிக்குள் வேறு பன்றி எதுவும் திரியவும் இல்லை. முதல் நாள் அடிபட்ட பன்றி நேற்று மத்தியானமே வேலியோரம் செத்துக் கிடந்ததை அவளே பார்த்தாள். வேலியைக் காட்ட வேண்டியிருக்கும், காஸில்பெரியிடம் சொல்ல வேண்டாம் என்று ராய்ஸ் தடுத்துவிட்டார்.

அப்படியானால் மூன்றாவது பரணில் பன்றியே இல்லை.

தொடையைக் கிழித்தது கோரைப்பல் இல்லை... கத்தி.

பட்டியில் போன் சிக்னல் கிடைக்காது. சோள மூட்டைகள் மேல் ஏறி, கூரையைப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்தினாள். ஒரு கோடு தெரிந்தது. வட்டாரப் போலீசில் துணை ஷெரிப்பாக இருந்த அரெடோண்டோவின் எண் அவளிடம் இருந்தது. வேலி தாண்டி சாலையில் நிற்கும் பன்றிகளைப் பற்றி வருஷத்துக்கு நாலு தடவை பேசும் மனிதர்.

அரெடோண்டோ எடுத்தார். அவள் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார், ஏற்கெனவே உங்கள் பண்ணைக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன், ஆம்புலன்சும் பின்னால் வருகிறது என்று. யார் கூப்பிட்டது என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

பின்னால் பிக்கப் வண்டி வந்து நின்ற சத்தம்.

ராய்ஸ் இறங்கினார். கையில் துப்பாக்கி. அவர் பார்வை மூடியிருந்த ஆற்றுக் கதவில் விழுந்தது. பிறகு மூட்டை மேல் நின்ற லோர்னா மேல். பிறகு, அவளுக்குப் பின்னால் குறட்டை வந்த கூண்டின் மேல்.

"பாத்துட்டியா? கூண்டுல இருக்கிறதை நான் மறந்தே போயிட்டேன்" என்றார் சாதாரணமாக.

"ஏன் ராய்ஸ்? அறுநூறு டாலருக்கா?"

"அறுநூறா? அவன் என் கழுத்துல கை வச்சிட்டான். பட்டியைப் போட்டோ எடுத்துட்டான்." ராய்ஸ் பன்றிகளை வண்டியில் ஏற்றும் குறுகலான சந்துக்குள் நுழைந்து அவளை நோக்கி வந்தார். மூட்டைகளிடம் வர அது ஒன்றே வழி. "கேளு. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. மருந்து கலந்தது நீ. பன்றியைப் பிரிச்சு அடைச்சதும் நீ. நான் சொல்றதைத்தான் நீயும் சொல்லப் போற. இல்லன்னா அவனைக் கொன்னதே நீதான்னு நான் சொல்வேன். யாரை நம்புவாங்க?"

"துப்பாக்கி எதுக்கு அப்ப?"

"நீ ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தா என்ன பண்றது?"

சந்தின் இரண்டு பக்கமும் இரும்புப் பலகை. அவர் நடுவில் வந்துவிட்டார். இன்னும் பத்தடி.

சந்துக்கும் பட்டிக்கும் இடையில் இருந்த தூக்குக் கதவின் கயிறு லோர்னாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கியது.

இழுத்தாள்.

கதவு மேலே போனது. பத்துப் பன்றிகளுக்கும் பசி. வழி கிடைத்ததும் கறுப்பு வெள்ளம் போலச் சந்துக்குள் பாய்ந்தன. ராய்ஸ் திரும்பினார், சுட்டார். குண்டு தகரத்தைத் துளைத்தது. முதல் பன்றி அவர் முழங்காலைத் தட்டியது. மற்றவை அவர் மேலேயே ஓடின.

சந்தின் மறு முனையில் அவர் நிறுத்தியிருந்த பிக்கப் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே போக முடியாத பன்றிகள் திரும்பின. மறுபடியும் அவர் மேலேயே.

மயக்க மருந்து தின்னாத பன்றி எப்படி இருக்கும் என்பதை ராய்ஸ் ஹட்ஸ்பெத் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தார்.

லோர்னா குதித்து இறங்கி, சோளத்தைப் பட்டிக்குள் வாரி இறைத்தாள். பன்றிகள் தீனியைத் தேடி உள்ளே ஓடின. கதவை இறக்கிவிட்டு, துப்பாக்கியைக் காலால் தள்ளினாள். ராய்ஸின் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

அரெடோண்டோ வந்தபோது லோர்னா தரையில் உட்கார்ந்திருந்தாள். பட்டி, மருந்து, ஒன்பது வருஷம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் பங்கையும் சேர்த்து.

அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

"ஒரு விஷயம் மேடம். கொலைன்னு சொல்றீங்களே... யாரு செத்தது?"

"காஸில்பெரி."

"எங்களுக்கு போன் பண்ணினதே அவர்தான். கத்தி ஆழமா இறங்கல. ராய்ஸ் பக்கத்துல நிக்கற வரைக்கும் செத்த மாதிரி மூச்சைப் பிடிச்சுட்டுக் கிடந்திருக்கார்."

லோர்னா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகை நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மறுநாள் காலை பத்து மணி. மாவட்ட மருத்துவமனை.

தூங்காத கண்களோடு லோர்னா காஸில்பெரியின் கட்டில் அருகே நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். ராத்திரி முழுக்க அறைக்குள் நடந்து நடந்து வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்றாள். அது நியாயமான வேட்டை இல்லை என்றாள்.

காஸில்பெரி தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது எனக்கு முதல் நாளே தெரியும் மேடம். தள்ளாடுற பன்றியைப் பாத்தா டாக்டருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா என்கிட்ட கேட்டீங்க?"

"நீங்க பொய் சொல்ற ஆளா, இல்லையான்னு பாக்கத்தான். நீங்க ஒண்ணும் பேசல. அது ரொம்பப் பிடிச்சிருந்தது. தொழிலுக்கு அந்த மாதிரி ஆள்தான் வேணும்."

"எந்தத் தொழிலுக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். பட்டி போட்டோவைக் காட்டி ராய்ஸிடம் பண்ணையில் சரிபாதி கேட்டதாகச் சொன்னார். விடிவதற்குள் பதில் வேண்டும் என்று கெடு வைத்தாராம். ராய்ஸ் கத்தியோடு பதில் கொண்டு வந்தாராம்.

"அதை விடுங்க. ராய்ஸ் உள்ள போயிட்டா பண்ணை பாதி விலைக்கு வரும். நான் வாங்கிடறேன். பட்டி, மருந்து, வழிகாட்டி, எல்லாம் பழையபடியே. விலையை மட்டும் ஏத்தறோம். மூவாயிரத்து ஐநூறு டாலர். பன்றி ஆளைக் கிழிச்ச காடுன்னு சொன்னா சும்மா வரிசையில நிப்பாங்க." தொடைக் கட்டைத் தட்டிக் காட்டினார். "கத்திக் காயம்னு எத்தனை பேருக்குத் தெரியப் போகுது? உங்களுக்குச் சம்பளம் ரெண்டு மடங்கு. என்ன சொல்றீங்க?"

லோர்னா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் அரெடோண்டோ காபி குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் தன்னை மிரட்டிப் பாதிப் பண்ணையைக் கேட்டதாக ராய்ஸ் புலம்புகிறார், கத்தியால் குத்தியவன் பேச்சை யார் நம்புவது என்று அலுத்துக்கொண்டார்.

"நம்புங்க" என்றாள் லோர்னா. உள்ளே கேட்டதை வரி விடாமல் சொன்னாள். சாட்சிக் கையெழுத்தும் போடுகிறேன் என்றாள்.

அரெடோண்டோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆக, டாக்டருக்கு என்னதான் வேணுமாம்?"

"தங்க ஒரு நல்ல பட்டி வேணுமாம். உங்ககிட்டதான் கம்பி போட்டு, காவல் வச்சு, மூணு வேளைச் சாப்பாட்டோட ஒண்ணு இருக்கே... காட்டுங்க. பைசா வாங்காதீங்க!"