வாசலில் இரண்டாவது எண்

"மணி பத்தரை ஆச்சு, வைட்! இப்பப் போய் அந்தச் சரிவைக் கடக்கணுமா?"

"எட்டு மணிக்கே எழுப்பியிருக்க வேண்டியதுதானே?"

"எழுப்பினேன். குறட்டைதான் பதில் சொல்லுச்சு!"

டிரோல் மலையில் எங்கள் பனிச்சறுக்கு விடுதியே அதிர்ந்தது. நான் அங்கே சமையற்காரி. அந்தச் சண்டையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால்தான் கரண்டியோடு கதவருகிலேயே நின்றேன்.

விடுதிக்காரி அஃப்ரா சொன்னதில் தப்பில்லை. ஏப்ரல் மாதம். ராத்திரிக் குளிரில் இறுகிய பனி காலை ஒன்பதுவரைதான் ஆளைத் தாங்கும். முந்தின ராத்திரி மேகமூட்டம் வேறு, இறுகவே இல்லை. ஊன்றுகோலைக் குத்தினால் கைப்பிடிவரை உள்ளே போனது.

"போன வருஷம் லூயிஸும் இதே நேரத்துக்குத்தான் போனான்."

"எப்பப் பாத்தாலும் லூயிஸ்! செத்தவனுக்கு இருக்கிற மரியாதை கட்டிக்கப்போறவனுக்கு இல்ல."

"சூப் ஆறுது தம்பி," என்றேன்.

"நீங்க அதை மட்டும் கிண்டுங்க அக்கா."

கிண்டினேன். காது சும்மா இருக்குமா?

லூயிஸ் அஃப்ராவின் புருஷன். கிளம்புகிற எல்லோர் நெஞ்சிலும் ஒரு கருவி இருக்கும். பனியில் புதைந்தால் அதன் சமிக்ஞையை வைத்துத்தான் ஆளைத் தேடுவோம். வாசலில் ஒருவர் தன் கருவியைத் 'தேடு' என்று திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் சோதித்து அனுப்புவார். அவன் செத்த அன்று சோதித்தவன் அவனேதான். கடைசியில் தன்னுடையதை 'அனுப்பு' என்று திருப்ப மறந்துவிட்டான். புதைந்தவனிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மூன்றாம் நாள்தான் எடுத்தோம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கருவியை அவனோடே அடக்கம் செய்தோம்.

"போ, தடுக்கல," என்று அஃப்ரா வாசலில் நின்றாள். "சோதிச்சிட்டுப் போ."

பீப். அவள் கருவியின் திரையில் வைட், இரண்டு மீட்டர்.

பீப்.

இன்னொரு எண். நாற்பது.

"வெளியே யாரு?" என்றான் வைட்.

விடுதியில் நாங்கள் மூன்று பேர்தான். வெளியே வெயிலும் வெள்ளைச் சரிவும்தான்.

முப்பத்தொன்று.

பதினெட்டு.

ஈரப் பனியில் சரக், சரக் என்று காலடிச் சத்தம். தடம் மட்டும் விழவில்லை. நனைந்த கம்பளியின் நாற்றம் வந்தது.

ஆறு.

வைட் படியிலிருந்து உள்ளே பின்வாங்கினான். "அஃப்ரா... அதை அணைச்சிடு."

"விரல் அசைய மாட்டேங்குது," என்று கிசுகிசுத்தாள்.

ஒன்று.

அப்போதுதான் மலை 'ஹும்' என்றது. சரிவு முழுக்க ஈரப் பனி பெயர்ந்து, சிமெண்டுக் கலவைபோல் கனமாக இறங்கியது. சோதனைக்கு நிற்காமல் கிளம்பியிருந்தால் வைட் அதன் நடுவில் இருந்திருப்பான்.

எல்லாம் அடங்கியபின் பார்த்தோம். எண் மாறவில்லை. அஃப்ராவின் பக்கத்தில், ஒன்று.

மறுநாள் பனி இறுகிய கையோடு, ஐந்து மணிக்கே, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப்போனான் வைட். இப்போது மட்டும் எப்படி விழிப்பு வந்ததோ! இலையுதிர்காலத்தில் கீழூர் ரொட்டிக்கடைக்காரர் மகளைக் கட்டிக்கொண்டான்.

அஃப்ரா ஜூனிலேயே விடுதியை விட்டுவிட்டு ஹாலந்துக்குப் போனாள். அங்கே மருந்துக்குக்கூட மலை கிடையாது. அவள் மூட்டையைக் கட்டியது நான்தான். இரண்டு முறை துழாவினேன், கருவி எதுவும் இல்லை. தன்னுடையதை ஆணியிலேயே மாட்டிவிட்டிருந்தாள். அவள் தனியாகப் பாதையில் இறங்கும்போது, கை சும்மா இருக்காமல், அதை எடுத்துத் 'தேடு' என்று வைத்தேன்.

மூன்று.

பதினொன்று.

இருபத்தாறு.

வளைவில் அவள் மறையும்வரை, அவள் நடைக்குச் சரியாக, எண் கூடிக்கொண்டே போனது.